ஏரிக்கரை தாண்டிய கூக்குரல்

பட்டா தேடித் தகரப்பெட்டியைக் குடைந்தேன். கையில் அகப்பட்டது உன் மனுவின் கார்பன் நகல். தாளெல்லாம் பூச்சி உருண்டை வாசனை. நீ பென்சிலால் அடிக்கோடு போட்ட அந்த இங்கிலீஷ் வார்த்தை அப்படியே இருக்கிறது: அவுட்கிரை. பாவி, செத்தும் என்னைச் சிரிக்க வைக்கிறாயே!

எல்லை பிரித்துக்கொண்டிருந்த காலம். பிச்சாட்டூர்ப் பக்கத்து நம் ஊர் ஆந்திராவில் இருப்பதா, மெட்ராஸோடு சேர்வதா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நீ. ஆந்திராவிலேயே நின்றுவிட்டால் தமிழ் வகுப்பு போய்விடும் என்று உனக்குச் சோறே இறங்கவில்லை. உட்கார்ந்து மனு எழுதினாய். "எங்கள் ஊரில் பெரும் அவுட்கிரை எழுந்துள்ளது."

"அப்டின்னா இன்னாப்பா?" என்றேன்.

"ஊரே கூடி, ஒத்துக்க மாட்டோம்னு தொண்டை கிழியக் கத்தறது."

"நம்மூர்ல எவன் கத்தினான்?"

"எழுதிட்டேன் இல்ல? இனிமே கத்தித்தான் ஆவணும்."

அதிகாரி வரும் நாள் காலையில் ஏரிக்கரையில் ஒத்திகை வைத்தாய். கொக்கெல்லாம் பறந்தோடும்படி கத்தினோம். உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஜீப் வந்தது. அவ்வளவுதான். எல்லார் தோள் துண்டும் இடுப்புக்கு இறங்கியது, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்றோம். மனுவைப் படித்த அதிகாரி, அந்தக் கூக்குரல் எங்கே என்று உன்னைக் கேட்டார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "கத்துங்கய்யா!" என்றாய். ஊர்ப் பெரியதனக்காரர் உன் மேல் பாய்ந்தார். "அறிவு கீதா வாத்தியாரே? ஊட்டுக்கு வந்த மனுசனை ஒருவாய் துன்ன வெக்காம கத்தறதா?"

களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் பரிமாறினோம். மனிதர் மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு நோட்டில் ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்த நீ வெளிறிப்போனாய். ஊர் மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

ஜீப் ஏரிக்கரை தாண்டியதும்தான் நமக்கு வாய் திறந்தது. அடேயப்பா, என்ன கத்தல்! அந்தப் புழுதிக்குள் நின்று நீ அழுதுகொண்டே சிரித்தாய். "இதான்டா அவுட்கிரை. ஆனா லேட்டு."

ஊர் ஆந்திராவில் நின்றது. தமிழ் வகுப்பு போயிற்று. நீ தெலுங்கு படித்து, அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்றாய். அந்தக் கோழிக் குழம்பை மட்டும் அதற்குப் பிறகு நீ தொட்டதே இல்லை.

போன மாதம் சித்தூர் ஆஸ்பத்திரியில் உன்மேல் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். சத்தம் போடக் கூடாதென்று சுவரில் தெலுங்கில் எழுதியிருந்தது. டாக்டர் வேறு எதிரில் நின்றார். துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு கைகட்டி நின்றேன், நண்பா. ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. என்ன ஜென்மமோ நாம்!

உன்னை ஏற்றி வந்த வண்டி நம் ஏரிக்கரையில் திரும்பியது. அங்கேதான் கத்தினேன். டிரைவர் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டான். ஒத்துக்க மாட்டேன், ஒத்துக்க மாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வழக்கம்போல லேட்டு.