கசகசா டப்பாவில் இருந்த சாவி

அசீனாவின் அத்தாவுக்கு,

சோறு வடித்துவிட்டேன், கறிக்குழம்பு அடுப்பு மேலே இருக்கிறது. கொத்தனார் வந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். நான் ராஜபாளையத்துக்குப் போகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

குழம்புக்கு அரைக்கக் கசகசா டப்பாவைத் திறந்தால், உள்ளே நம் பிள்ளையின் டிரங்குப் பெட்டிச் சாவி. திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "பெட்டிய நாந்தாம்மா பூட்டுவேன்" என்று அடம்பிடித்தது இதற்குத்தான். அன்றிலிருந்து மாற்றுத்துணி இல்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஆறாம் வகுப்பு இடத்துக்கு நீங்கள் எம்புட்டு அலைந்தீர்கள் என்று எனக்கும் தெரியும். "ஒரு மாசம் அந்தப் பக்கம் போகாத, புள்ள பழகட்டும்" என்று நேற்றும் கத்தினீர்கள். சாவி கொடுக்க வந்தேன் என்று வார்டனிடம் சொல்லிக்கொள்வேன். அழமாட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணமாட்டேன்.

குழம்பில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

நூர்பானு

பூட்டுக்கு இரண்டு சாவியாயிற்றே என்று வீடு முழுக்கத் தேடினேன். மற்றது, நாளைக்கு ஜும்மாவுக்கு நீங்கள் போடும் சட்டைப் பையில் இருக்கிறது. அது அவள் உங்களுக்காக வைத்தது. நான் எடுக்கவில்லை.