புண்பட்டிருப்பின்

மார்ச் 2, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுத்து வட்டத்தில் இன்று கபிலன் தம்பி, "நம்ம ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு பிளாக் ஆரம்பிப்போம்லா" என்றார். நான் உடனே கையைத் தூக்கி, "எங்க பிளாக்லயே கீழ்மாடி காலியா இருக்கு தம்பி. தண்ணி மட்டும் கொஞ்சம் ஒழுகும்" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மோகனா அக்கா வழக்கம்போலக் கிண்டல் பண்ணுகிறது என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. அடுக்குமாடி பிளாக் இல்லையாம். இண்டர்நெட்டில் எழுதி வைக்கிற இடமாம்.

"யாரு வேணும்னாலும் படிக்கலாமா தம்பி?"

"உலகத்துல யாரு வேணும்னாலும்."

"ஜொகூர்ல இருக்கிறவங்க?"

"ஜொகூரும் உலகத்துலதான இருக்கு அக்கா!"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

மார்ச் 4

எனக்கு இன்னொரு பிளாக்கும் தெரியும். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி டீச்சராக இருக்கிற என் மகள் ஷர்மினி, அவள் போனில் என் நம்பருக்குப் போட்டு வைத்திருப்பது. பதினான்கு மாதமாகிறது.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவளுக்கு எழுத்து வட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "வடை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை" என்பேன். உண்மை வேறு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஷர்மினி அவள் அப்பாவுக்குப் போன் பண்ணுவாள். நான் வீட்டில் இருந்தால் பண்ணமாட்டாள். அதனால் ஒன்பதரைக்கே கிளம்பிவிடுவேன். முதலில் எங்கள் ஆயர் ஈத்தாம் சந்தையையே சும்மா நாலு சுற்று சுற்றிக்கொண்டிருந்தேன். மீன்காரர் ஷேக் அலாவுதீன், "என்னக்கா, சந்தைய வெலைக்கு வாங்கப்போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் வட்டத்தில் போய் உட்கார்ந்தேன். டியூஷன் சென்டர் மாடி. மின்விசிறி உண்டு.

மார்ச் 5

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் பட்டர்வொர்த்தில் சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் எங்கள் மேசையே சிரித்துக்கொண்டிருந்தது. நான் பேசினால் சிரிப்பார்கள், அவர்கள் சிரித்தால் நான் இன்னும் பேசுவேன். "என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருசம். இன்னும் பூனைக்குத்தான் சோறு ஊட்டுறா" என்றேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஷர்மினி எழுந்து போனாள். கை கழுவத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. மூன்று மாதம். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு அவள் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மார்ச் 9, ஞாயிறு

பிளாக் பிறந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரும் எதையும் போடலாம், யாருடையதையும் திருத்தலாம். கபிலன் தம்பி என் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். ஞானாம்பிகை அக்கா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம், "நீ கதைக்கிறதை அப்பிடியே எழுது மோகனா. அதுதான் அழகு" என்றார்.

அப்படியே எழுதத்தான் போகிறேன்.

மார்ச் 14

ஒரு விரலால் ஐந்து நாள். போட்டுவிட்டேன்.

'ஷர்மினி, அம்மா வாய் சும்மா இருக்காத வாய். அன்னைக்கு அதை ஊசி நூல் எடுத்துத் தச்சிருக்கணும். நீ காலையில இருந்து பசியாறாம உக்காந்திருந்தே. பெத்தவ நான் அதப் பாக்கல, நாலு பேரு சிரிப்பப் பாத்துக்கிட்டு இருந்தேன்...' இப்படியே போகும்.

என் வீட்டுக்காரர் பழனியப்பனுக்குப் புரியவைத்து, அதை ஷர்மினிக்கு அனுப்பச் சொல்லவே ஒரு மணி நேரம். "அனுப்புறேன். ஆனா ஒண்ணும் எதிர்பார்க்காத" என்றார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர். அந்த நாலையும் இதற்கே செலவழித்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

வட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் முகமே சரியில்லை.

"படிச்சாளா?"

"படிச்சா."

"என்னா சொன்னா?"

"'அம்மா யாருக்கிட்டயோ குடுத்து எழுதி வாங்கியிருக்காங்கப்பா. மன்னிப்புகூட வாடகை வாயா?'ன்னு கேட்டா."

நானா? நான் எழுதி வாங்கினேனா? என் விரல் இன்னும் வலிக்கிறதே!

மார்ச் 17

பிளாக்கைத் திறந்து பார்த்தேன். என் பெயர் இருக்கிறது. கீழே இருப்பது நான் இல்லை.

'அன்பு மகளே, அன்றைய தினம் எனது சொற்களால் உனது மனம் புண்பட்டிருப்பின் அதற்காக வருந்துகிறேன். நீ காலை உணவு உட்கொள்ளாமல் அமர்ந்திருந்தாய்...'

புண்பட்டிருப்பின். அப்படியென்றால் என்ன என்று அவரைக் கேட்டேன். "புண்பட்டிருந்தா" என்றார். இருந்தாவா? பட்டிருந்தால்தான் வருத்தம், இல்லாவிட்டால் இல்லையா? பதினாலு மாசமா நான் சோத்துல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், இருந்தாவாம்!

மார்ச் 18

ஞானாம்பிகை அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"ஓம், நான்தான் திருத்தினேன். அவ்வளவு பிழையோட போட்டா வட்டத்துக்குத்தானே அவமானம்?"

"அப்படியே எழுதுன்னு சொன்னீங்களேக்கா."

"அது சிரிக்கிற கதைக்குச் சொன்னது, பிள்ளை. இது மன்னிப்பு. மரியாதையா இருக்கவேணாமா?"

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குக் கடுதாசி எழுதப் போனவளுக்குத் தன் நல்ல சேலையை உடுத்திவிட்டார். பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் பழைய மாதிரி இருந்திருந்தால் இதை வைத்தே பத்து பேரைச் சிரிக்க வைத்திருப்பேன். இப்போது எனக்கே சிரிப்பு வரவில்லை.

மார்ச் 19

ஒன்றும் இல்லை. வடை சுடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வட்டத்துக்குப் போகவில்லை. சந்தைக்கும் போகவில்லை. பிளாக்கின் கீழ்மாடிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன், போன் வருவதற்கு வழிவிட்டு. எதிர்வீட்டு நூருல் தாண்டிப் போகும்போது, "அக்கா, சாவி மறந்துட்டீங்களா?" என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

பத்தரைக்கு மேலே போனேன். போனே வரவில்லையாம். என்னால் இப்போது அவருக்கும் இல்லை.

மார்ச் 25

பழையதைத் தேடினேன். எங்கும் இல்லை. திருத்தினால் முதலில் எழுதியது போய்விடுமாம்.

என்ன எழுதினேன் என்பதுகூட முழுதாக நினைவில் இல்லை. திரும்ப எழுதினாலும் இதுவும் யாரோ சொல்லிக் கொடுத்தது என்பாள். எழுதாவிட்டால் அவ்வளவுதானா அம்மா என்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஏப்ரல் 2

எழுதி, பிளாக்கில் போட்டுவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை. கபிலன் தம்பியிடம் மட்டும், "இதுல யாரும் கை வச்சா வடை கெடையாதுன்னு எல்லாருக்கும் சொல்லிருங்க" என்றேன். சின்னதுதான். ஊசி நூல் எல்லாம் வரவில்லை. 'நீ சொல்ல வந்தே. நான் கேக்காம பேசினேன். இருந்தா கிருந்தா எல்லாம் இல்லை, பண்ணினது நான்தான்.' கடைசியில் மன்னிப்பு என்று ஒரே ஒரு வார்த்தை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. அவருக்குப் போன் வந்தது. என்னைப் பற்றிப் பேச்சில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 15

பிளாக்கில் நான் எழுதியதற்குக் கீழே ஒரு வரி வந்திருக்கிறது. ஷர்மினி என்று பெயர் போட்டு.

'மன்னிப்புக்கு ரெண்டு சுழி. நீங்க மூணு சுழி போட்டு மண்ணாக்கிட்டீங்க.'

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

"இது திட்டா, கிண்டலா?" என்று அவரைக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஒன் மகதான?" என்றார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 16

பதில் எழுதினேன். 'சரிலா டீச்சர்.' அரை மணி நேரம் ஆனது. போட்டு முடித்த பிறகு அவள் எழுதியதை இன்னொரு முறை பெரிதாகப் பார்க்கலாம் என்று பக்கத்தில் இருந்த சின்னப் படத்தை அழுத்தினேன். அது குப்பைத்தொட்டிப் படம். அவள் எழுதியது போய்விட்டது. கபிலன் தம்பி வந்து பார்த்தார். திரும்ப எடுக்க முடியாதாம். அந்த இடத்தில் இப்போது, 'இந்தக் கருத்து நிர்வாகியால் அகற்றப்பட்டது' என்று இருக்கிறது. நிர்வாகி யார் என்று கேட்டேன். நான்தானாம்.