கேமராவைப் போடு என்றேன், மாப்ளே

என் உயிர் மாப்ளே சேகரு,

நீ போய் நாலு மாசமாச்சு. கோபத்தோடதான் எழுதுறேன். உன் எழுத்துப் பயிற்சி வகுப்பை என் தலையில கட்டிட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே. நான் அதைப் பாழ் பண்ணிட்டேன்.

தங்கச்சி ரேவதி நல்லா இருக்கான்னு பொய் சொல்ல மாட்டேன். பாதி நாள் சமைக்கிறதே இல்லை. கேட்டா, "யாருக்கு அண்ணா?"ங்கிறா. முகப்பேர்ல உங்க வீட்டு முன்னறையில உக்காந்துதான் தொலைதூரக் கல்வி மையத்துக்காக வாரம் ரெண்டு சாயங்காலம் ஆன்லைன்ல உன் வகுப்பை எடுக்கிறேன். முப்பது பேர். முப்பதும் கறுப்புக் கட்டம். கேள்வி கேட்டா ஒரு சத்தமும் வராது. நான் இருபது வருஷம் கரும்பலகை முன்னாடி நின்னு, பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தினவன். சுவத்துக்கிட்ட எத்தனை நாள் பேசுறது?

மூணாவது வாரம் வெடிச்சிட்டேன். "எல்லாரும் கேமராவைப் போடுங்க. போடாதவங்களுக்கு வருகைப் பதிவு கிடையாது!"

ஒவ்வொண்ணாத் திறந்துச்சு. ஆவடியில ஒரு அம்மா குக்கர் பக்கத்துல நிக்கிறாங்க. ஒருத்தர் பூந்தமல்லி பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறார். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை, வழிக்குக் கொண்டுவந்துட்டோம்னு. கடைசியா அமுதா வந்தா. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை பார்க்கிறவ. தலையில கம்பெனித் தொப்பி, அதுக்குள்ள ஒத்தக் காதுல இயர்போன். போனை அட்டைப்பெட்டி மேல சாய்ச்சு வச்சிருந்தா. என்னைப் பார்த்து சிரிக்கக்கூட செஞ்சா.

அவளுக்குப் பின்னாடி சூப்பர்வைசர் வந்து நின்னதை அவளைத் தவிர நாங்க எல்லாரும் பார்த்தோம், சேகரு. "அமுதா, பின்னாடி!"ன்னு கத்தினேன். அவ திரும்புறதுக்குள்ள ஒரு கை வந்து போனை எடுத்துடுச்சு.

உள்ளே போன் கொண்டுபோகவே கூடாதாம். மறுநாளே வேலை போச்சு. நம்ம வகுப்பு வாட்ஸ்அப் குரூப்லேர்ந்தும் போயிட்டா. போன் பண்ணா எடுக்கல.

இதுல கொடுமை என்ன தெரியுமா? அவ என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா. 'நீங்கள் எழுதும் இடம்'னு முதல் வாரம் கட்டுரை கேட்டிருந்தேன். தொப்பிக்குள்ள பாடம் கேட்கிறதையும், டப்பா ஒட்டுற இடைவெளியில அட்டைத் துண்டுல ரெண்டு ரெண்டு வரியா எழுதுறதையும் அவ எழுதி அனுப்பினா. நான் என்ன குறிப்பு போட்டேன் தெரியுமா? 'கற்பனை நன்று. ஆனால் நம்பும்படி இல்லை.' என் கையை எதால அடிக்கிறது, சொல்லு?

நேத்து ஞாயித்துக்கிழமை, நூம்பல்ல அவ வீட்டைத் தேடிப் போனேன். உள்ளே வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. வாசப்படியிலயே நின்னோம்.

"சேகர் சாரு மொத நாளே போன் பண்ணாரு சார். எங்கேர்ந்து கேக்குறே, எப்போ கையில போன் இருக்கும்னு ஒவ்வொருத்தரையா கேட்டாரு. அதுக்குத் தோதாதான் பாடத்தையே போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்புவாரு. நீங்க இன்னா கேட்டீங்க? மூஞ்சியத்தானே கேட்டீங்க?"

நீ போன்ல மணிக்கணக்கா பேசினப்போ, 'வெட்டிப் பேச்சு'ன்னு உன்னைக் கிண்டல் பண்ணவன் நான்.

கம்பெனிக்குக் கொடுக்கலாம்னு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை நீட்டினேன். 'வகுப்பின்போது எதிர்பாராத வகையில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது'ன்னு ஆரம்பிச்சிருந்தேன். ரெண்டு தரம் படிச்சா.

"இதுல உங்களக் காணோமே சார். தப்பு அதுவா நடந்து வந்து எங்க கம்பெனிக்குள்ள பூந்த மாதிரில்ல கீது."

மாப்ளே, முப்பது பேருக்கு எழுதக் கத்துக்கொடுக்கிறவன் நான்! வெக்கமா இருந்துச்சு. அங்கேயே படியில உக்காந்து, தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். 'கேமராவைப் போடச் சொன்னவன் நான். போடாவிட்டால் வருகைப் பதிவு கிடையாது என்று மிரட்டியவனும் நான். அமுதா என் பேச்சைக் கேட்டார், அவ்வளவுதான்.' கீழே பேரும் விலாசமும் போட்டேன்.

வாங்கிப் படிச்சா. "இப்ப நம்புற மாதிரி கீது"ன்னு திருப்பிக் கொடுத்தா. அவ சிரிக்கல.

"வகுப்புக்குத் திரும்பி வருவியாம்மா?"

"மொதல்ல வேலைய வாங்கிக் குடுங்க சார்."

அவ்வளவுதான். கதவைச் சாத்திட்டா.

கம்பெனியில கேப்பாங்களா? எனக்கு நம்பிக்கை இல்லை, சேகரு. நீ இருந்தா யாரைப் பார்க்கணும், எப்படிப் பேசணும்னு சொல்லியிருப்பே. இப்போ நான் யார்கிட்ட போய்க் கேக்குறது? இருந்தாலும் நாளைக்கு முதல் ஷிஃப்டுக்கு முன்னாடி அந்தக் கடிதத்தோட கம்பெனி கேட்டுல போய் நிப்பேன். துரத்தினா மறுநாளும் நிப்பேன். அந்தப் பொண்ணு திரும்ப வேலைக்குள்ள போறதைக் கண்ணால பார்க்காம, மாலை போட்ட உன் படத்துக்கு முன்னாடி வந்து நிக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் ரேவதிக்கு அண்ணன், உனக்கு என்னிக்கும் மச்சான்,
தணிகாசலம்