கல்லச்சுப் படத்தின் கீழ்க்கரை

மச்சான்,

இன்று காலை சோளகக் காற்று நீ தந்த கல்லச்சுப் படத்தைச் சுவரிலிருந்து தள்ளி விழுத்திவிட்டது. கண்ணாடி நொறுங்கி, பின்பலகை கழன்று, இடுக்கிலிருந்து நாலாக மடித்த கடதாசித் துண்டொன்று வெளியே வந்தது. கண்ணாடி ஆடாமலிருக்க நானே செருகிய துண்டுதான். கூட்டி அள்ளப் போனவன், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தபடியால் விரித்துப் பார்த்தேன்.

பென்சில் எழுத்து. இடப்பக்கம் நாற்பதில் பதின்மூன்றாவது என்று இலக்கம். வலப்பக்கம் படத்தைக் கீறிய ஓவியரின் கையெழுத்து. நடுவில், தமிழ் தெரியாத ஒருவர் பார்த்து வரைந்த தமிழெழுத்தில், கொம்பு ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பி, உன் பெயர்.

பாரிசிலிருந்து திரும்பி நீ நாரந்தனையில் இருந்த இரண்டு வருடமும் ஊருக்கு நீ "ஏதோ அச்சுக்கூடத்திலை நிண்டவன்". அவ்வளவுதான். ஓவியர் கல்லில் கீறுவதும், நீ மை உருட்டிக் கடதாசியில் இறக்குவதும், நாற்பது பிரதி அடித்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவதும் பற்றி ஒருநாள் ஆசையாகச் சொன்னாய். நான் கொட்டாவி விட்டேன். அது இப்போது நினைவுக்கு வந்து கொல்லுகிறது.

படத்தை நீ எனக்கென்று கொண்டுவந்த நாளும் பகிடிதான் பண்ணினேன். கறுப்பாக ஒரு பெரிய கட்டி, அதைக் கிழித்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு, மூலையில் கொஞ்சம் நீலம்.

"எது மேல், எது கீழ் எண்டாவது சொல்லடா."

"எழுத்து இருக்கிற பக்கம் கீழ். அதை மட்டும் மறந்துபோகாதை" என்று சிரித்தாய்.

அந்த எழுத்து, படத்துக்குச் சட்டம் போட்ட கடைக்காரன் குறித்த அளவு என்று நினைத்தேன். அலுமாரிக்கு மேலே உயரத்தில் மாட்டினேன். ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

நீ கண்மூடிய ஏழாம் நாள் பின்னேரம் உன் பெருப்பித்த புகைப்படம் வந்தது. சட்டம் இல்லை. விடிந்தால் எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. "படம் வைக்காமல் எப்பிடி அண்ணை படைக்கிறது?" என்று உன் தங்கச்சி அழுதாள். யாழ்ப்பாணம் போய்வர நேரமில்லை. நான் வீட்டுக்கு ஓடி, கல்லச்சைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டத்தில் உன் முகத்தைப் போட்டேன். அளவெடுத்தது போல் பொருந்தியது. வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

மாலை போட்டு விளக்கேற்றிய சட்டத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? வீட்டில் கிடந்த பழைய சாமிப்படச் சட்டம் சிறியது. வெள்ளைக் கரை வீண்தானே என்று கல்லச்சின் நாலு பக்கமும் கத்தரித்தேன். தபாற்கந்தோரில் பழகிய கை, வெட்டு நேராக விழுந்தது. அதைப் பார்த்து நானே திருப்திப்பட்டு, வெட்டிய துண்டொன்றை மடித்து இடுக்கில் செருகினேன். நாசமாய்ப் போன நேர்!

இன்று மத்தியானம் பாரிசிலிருந்து உன் மகளின் அழைப்பு.

"மாமா, அடுத்த கிழமை வாறன். அந்தப் படத்தைப் பார்க்கவேணும். கீழை அப்பான்ரை பேர் இருக்கெல்லோ?"

மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தேன்.

"முப்பது வருசம் அடிச்சதிலை வேறை ஒண்டிலையும் அப்பான்ரை பேர் இல்லை, மாமா. அந்த ஓவியர்தான் அப்பாவைத் தமிழிலை எழுதிக் காட்டச் சொல்லி, பார்த்து எழுதினவர்."

"அப்ப ஏன் பிள்ளை எனக்குத் தந்தவன்? உமக்கெல்லோ தந்திருக்கவேணும்?"

"நானும் கேட்டனான். எப்பிடிக் கோணலா எழுதினாலும் பேரை வாசிக்கிறவன் அவன் ஒருத்தன்தான் எண்டு சொன்னவர்."

அந்தரமாய்ப் போய்விட்டது, மச்சான். மழையில் விலாசத்தின் மை கரைந்து வந்த உன் கடிதத்தை வேறு யாராலும் வாசிக்க ஏலாமல் போனபோது, இரண்டு எழுத்தை வைத்தே பிடித்து உன் அம்மாவிடம் சேர்த்த தபாற்காரன் நான். அந்தக் கதையைத்தானே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாய்?

"பிள்ளை, நான் அந்தக் கரையை வெட்டிப்போட்டன்" என்றேன்.

"துண்டு இருக்கோ, மாமா?"

"இருக்கு."

"ஒட்டிப்போடாதேங்கோ. அப்பிடியே கையிலை தாங்கோ."

பசைப் போத்தலை அப்போதுதான் திறந்திருந்தேன். மூடிவிட்டேன். துண்டை நீவி ஒரு கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். குசினிக்குப் போனாலும் கிணற்றடிக்குப் போனாலும் கொப்பி கையோடு வருகிறது. எத்தனையோ பேரின் கடிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன், மச்சான். ஒன்றையேனும் இவ்வளவு பிந்தி, நானே கத்தரித்துக் கொடுத்ததில்லை.