மகளின் நோய் குறித்த பதிலைத் தாயிடமே தெரிவிக்கக் கோரி

அனுப்புநர்:
ஜூலியா லூர்துராஜ்,
அரசு ஊழியர் குடியிருப்பு,
கிட்வாய் நகர் கிழக்கு, புது தில்லி.

பெறுநர்:
உயர்திரு டாக்டர் கல்யாணராமன் அவர்கள்,
மருத்துவக் கண்காணிப்பாளர்,
அரசு குழந்தைகள் மருத்துவமனை, புது தில்லி.

பொருள்: என் மகள் ஜெனியின் இரத்தப் பரிசோதனை முடிவு தாமதமாவதும், நோய் விவரங்கள் குழந்தையிடமே சொல்லப்படுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவள். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் கணவர் காலமான பின், கருணை அடிப்படையில் அங்கேயே உதவியாளராகப் பணிபுரிகிறேன். எனக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்கப் போதும். மருத்துவர் பேசுவதைப் புரிந்துகொள்ளப் போதாது. எந்த அலுவலகத்துக்கு மனு என்றாலும் பன்னிரண்டு வயது ஜெனிதான் இந்தியில் எழுதித் தருவாள். இந்த மனுவை அவளிடம் எழுதச் சொல்ல முடியாது. தாங்கள் தமிழர் என்று கேள்விப்பட்டுத் தமிழில் எழுதுகிறேன். இங்கேயே வளர்ந்த அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

2. கோடை விடுமுறைக்குப் பின் ஜெனிக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. விரல் மூட்டுகள் வலித்தன. இரண்டு கன்னங்களிலும் சிவப்பாகத் தடித்தது. பேனா பிடிக்க முடியவில்லை என்று பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். தங்கள் மருத்துவமனையில் இரத்தம் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மருத்துவர் வெகுநேரம் அவளைப் பார்த்துப் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, “சத்து கம்மியாம்மா, வெயில்ல போகக் கூடாதாம்” என்றாள். நானும் நம்பி முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துவந்தேன்.

3. மழைக்காலம் முடிந்து தசராவும் போய்விட்டது. முடிவு வரவில்லை. கவுண்டரில் கேட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். மருத்துவர் கவுண்டருக்கு அனுப்புகிறார். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வரும் நம் ஊர்க் குடும்பத்தினர் அன்பாகத்தான் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாததால், பூசை முடிந்ததும் யாரையும் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.

4. சென்ற வாரம் ஜெனியின் முகமும் காலும் வீங்கியிருந்தன. தானாக வடியும் என்று சில நாள் பார்த்துவிட்டு அழைத்து வந்தபோது தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவர், “வீக்கம் வந்தா உடனே கூட்டிட்டு வரணும்னு டாக்டர் சொன்னாரே, ஏன் இத்தனை நாள் விட்டீங்க?” என்று கேட்டார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோயாக இருக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படலாம் என்றெல்லாம் மருத்துவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார் என்பது அந்தச் செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனையும் கேட்டவள் என் மகள் ஒருத்திதான். எனக்கு உதவிய அந்தச் செவிலியருக்கு எந்தத் தொல்லையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

5. வீட்டுக்கு வந்து ஜெனியிடம் கேட்டேன். “நீ அழுவேன்னுதான்மா சொல்லல” என்றாள். பிறகு, “ரிசல்ட் வந்ததும் நானே கேட்டுச் சொல்றேன், நீ பயப்படாத” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் அப்போதும் வீங்கித்தான் இருந்தன. இத்தனை மாதமும் ஒரே அறையில் படுத்திருந்தும் அவள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள். அதன் பின் நான் அவள் எதிரில் அழவில்லை. அலுவலகத்தில் கோப்புகள் வைக்கும் அறைக்குப் போய்விடுகிறேன்.

6. மருத்துவர் மீது எனக்குக் கோபமில்லை. நோயாளிகள் வரிசையில் நிற்க, எதிரில் இந்தி தெரிந்தவளிடம் அவர் பேசினார். ஆனால் அவள் குழந்தை, ஐயா.

ஆகவே, பரிசோதனை முடிவு எங்கே நிற்கிறது என்று விசாரித்து விரைவில் பெற்றுத் தருமாறும், இனி எதுவானாலும் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து என்னிடம் நேரடியாகச் சொல்லும்படி ஆணையிடுமாறும் வேண்டுகிறேன். கெட்ட செய்தியானாலும் நான் கேட்டுக்கொள்வேன்.

இன்னும் ஒன்று. அதைக் கேட்க நான் உள்ளே வரும்போது ஜெனி வெளியே பெஞ்சில் இருப்பாள். அவளுடன் விட்டுவர எனக்கு ஆளில்லை. நான் திரும்பி வரும்வரை யாராவது ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்து தாருங்கள்.

இடம்: புது தில்லி
நாள்: 15.10.2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஜூலியா லூர்துராஜ்
ஜெனியின் தாய்