உதட்டில் விழுந்த வளையம்

வின்னெபா,
9 டிசம்பர் 1987

அன்புள்ள அராபாவுக்கு,

உன் கணவன் கொபினா எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. உன் அக்காவும் அவள் குழந்தையும் சுகமா? அங்கே அபிஜானில் பால்மாவு நல்லதாகக் கிடைக்கிறதா? இங்கே மீன் வரத்து குறைவு. கூரையின் மேற்குப் பக்கத்து ஒழுக்கை அடைத்துவிட்டேன்.

விஷயம் என் உதடு. ஒன்றரை மாதமாக எரிகிறது. டிரம்பெட்டை எடுத்து மவுத்பீஸை வாயில் வைத்த உடனே மேலுதட்டில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பிக்கும். இரண்டாவது பாட்டுக்குள் வீங்கிவிடும். மூன்றாவதில் மரத்துப்போகும், வாயோரத்தில் காற்று கசியும், மேல் சுரம் ஏறாது. இறக்கி வைத்த பிறகும் மவுத்பீஸின் வட்டம் உதட்டில் சிவப்பாக அப்படியே நிற்கிறது. வாயில் பித்தளை ருசி. புத்தாண்டு முகமூடி ஆட்டக் குழுக்களின் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

பதினான்கு வருஷமாக ஊதுகிற வாய் திடீரென்று இப்படி ஆகுமா? நீயே சொல். அக்டோபரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போகும்போது உன் தம்பி ஜோஜோ தன் மவுத்பீஸைக் காணோம் என்று என்னுடையதை ஒரு நாள் வாங்கிப்போனான். மறுநாள் திருப்பிக் கொடுத்தான், நன்றாகத் துடைத்து. ஏன் அவ்வளவு நன்றாகத் துடைக்க வேண்டும்? அந்த வாரம்தான் எரிச்சல் தொடங்கியது. குழுவில் இரண்டாம் டிரம்பெட் அவன். நான் விழுந்தால் முதல் டிரம்பெட் யாருக்கு?

தினமும் காலையில் வாசலில் வந்து நின்று, “அத்தான், உதடு எப்படி இருக்கு?” என்று கேட்கிறான். தினமும்! கடன்காரன்கூட இப்படி வந்து நிற்கமாட்டான். போன வாரம் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கொண்டுவந்து, “கொப்பளிங்க அத்தான், வீக்கம் இறங்கும்” என்றான். அவன் போனதும் கோழிக்கு வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கொத்திக் குடித்தது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோழிக்கு உதடு ஏது?

இப்போது மவுத்பீஸை என் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். தூங்கும்போதும் அங்கேதான். அப்படியும் எரிச்சல் குறையவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ அக்கா வீட்டுக்குக் கிளம்பும் முன் உதட்டுக்குப் பூசச் சொல்லி ஒரு டப்பா ஷியா கொட்டை வெண்ணெய் வைத்துவிட்டுப் போனாயே, அதை யாரிடம் வாங்கினாய்? ஜோஜோவா வாங்கித் தந்தான்? டப்பாவைக் கடலில் எறிந்துவிட்டேன். சும்மா கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன்,
கொபினா எஸ்ஸில்ஃபி


வின்னெபா,
4 ஜனவரி 1988

அன்புள்ள அராபாவுக்கு,

உன் பதில் லாரி டிரைவர் மூலம் கிடைத்தது. இரண்டே வரி. “வெண்ணெயை நானே காய்ச்சினேன். உதட்டை ஆஸ்பத்திரியில் காட்டு, என் தம்பியைத் தொடாதே.” குழந்தையைப் பற்றிக்கூட எழுதவில்லை. அந்தத் தாளை எத்தனை முறை மடித்துப் பிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். உன் பதில் வரும் முன்பே நான் அவனைக் கேட்டுவிட்டேன். பயிற்சிக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். “என் மவுத்பீஸில் என்ன தடவினாய்?” என்றேன். ஜோஜோ என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, தன் டிரம்பெட்டில் மாட்டி, நம் குழுவின் மூன்று பாட்டையும் நிறுத்தாமல் ஊதினான். ஊதி முடித்து, “உங்க வாயில இருந்தத என் வாயில வச்சாச்சு. இன்னும் என்ன செய்யணும், முழுங்கிக் காட்டணுமா?” என்றான். டிரோம்போன்காரன் அத்தா, “கொபினா, விஷம் உன் உதட்டுல இல்லடா, மேல மண்டையில இருக்கு” என்றான். கொட்டகையே சிரித்தது. ஜோஜோ மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதும் எனக்கு மனம் தெளியவில்லை. முன்கூட்டியே மாற்று மருந்து தின்றுவிட்டு வந்திருப்பான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

நீ எழுதினதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் அம்மா உதட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே தசை கிழிந்திருக்கிறது என்றாள். “மேல் சுரம் வரலன்னா பித்தளைய வச்சு உதட்ட பல்லோட சேர்த்து நசுக்குறீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் ஊதக் கூடாது, அதற்குப் பிறகும் பழைய வாய் திரும்புமா என்று தெரியாது என்றாள். அவளுடைய அண்ணன் மீன்சந்தைக் குழுவில் பெரிய முரசு அடிக்கிறவன். எதிரிக் குழு! போட்டிக்கு நான் வரக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பான் என்று முடிவு கட்டி, வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

புத்தாண்டு அன்று ஊதினேன். முகமூடி ஆட்டக்காரர்கள் முன்னால், நாங்கள் பின்னால், மைதானம் கொள்ளாத கூட்டம். முதல் இரண்டு பாட்டும் எப்படியோ ஓடின. மூன்றாவதில் நான் மட்டும் தனியாக ஏற வேண்டிய இடம் வந்தது. மேலுதடு செத்துவிட்டது, அராபா. வெறும் காற்று. இரத்தம் நாக்கில் பட்டது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. என் இடம், என் இழுப்பு, என் அடுக்கு, எல்லாம் அப்படியே கேட்டது. சூனியம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு காதோரம் பித்தளை மின்னியது. ஜோஜோ என் தோளை ஒட்டி வந்து நின்றிருந்தான். அவன் டிரம்பெட்டின் வாய் என்னுடையதற்குப் பக்கத்தில். என் கண்ணைப் பார்த்து, விரலை அசை என்று தலையால் காட்டினான். நான் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் விரலை மட்டும் ஆட்டினேன். மீதிப் பாட்டு முழுவதையும் அவன் ஊதினான்.

கோப்பை நமக்குத்தான். கூட்டம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைவரை போனது. மேலேயிருந்து பார்த்தேன், அவன் சுவரோரம் நின்று டிரம்பெட்டிலிருந்து எச்சிலைக் கொட்டிக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாளாகிறது. அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் எல்லா வழியிலும் யோசித்தேன். என்னைக் கைக்குள் வைத்துக்கொள்ளவா? நாளைக்கு ஏதாவது கேட்கவா? நேற்றுக் காலை வாசலில் வந்து நின்றபோது கேட்டே விட்டேன். “நீங்க என்ன போலீஸா அத்தான்? எதைக் குடுத்தாலும் காரணம் கேக்குறீங்க. வீக்கம் வத்தட்டும், போய் கஞ்சியக் குடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

குழுத் தலைவர் பாட்ச்வே ஐயாவிடம் இன்று போய், முதல் டிரம்பெட் இனி ஜோஜோவுக்கு என்றேன். ஏன் என்று கேட்டார். உதடு சரியில்லை என்றேன். போட்டியில் ஊதியது யார் என்பதையும் சொல்லத்தான் போனேன், அதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். ஊரில் இன்னும் என்னைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உன் அக்காவுக்கு என் அன்பைச் சொல். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு முறை கை வை. கடவுள் அதைக் காப்பாற்றட்டும். முடிந்தால் இந்த மாதமே கிளம்பி வா, அராபா. உன் தம்பியிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

உன்,
கொபினா