பத்து வருஷக் கோட்டு

ஓஷ்,
அக்டோபர் 3, 2004

பெகிமாயின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பெகிமாய்க்கு முன்பல் ஆடுகிறது. அப்பா வந்துதான் பிடுங்க வேண்டும் என்று யாரையும் கிட்டே விடுவதில்லை.

நீங்கள் சொன்னபடி வார்ப்பிரும்புக் கொப்பரை பார்க்கச் சந்தைக்குப் போனேன். பளபளக்கும் அலுமினியத்தின் பக்கம் போகவில்லை. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். கடைசிக் கடையில் ஒன்று மணி போல நெடுநேரம் ஒலித்தது. கீறல் இல்லை.

"என்ன தங்கச்சி, தர்பூசணியா வாங்குற, இந்தத் தட்டு தட்டுற?" என்றார் கடைக்காரர்.

"தர்பூசணி ஒரே நாள்ல தீந்துடும் அண்ணே. இது எம்மக கல்யாணத்துக்கும் சமைக்கணும்."

"அப்ப பெருசா எடு. வீட்ல எத்தன பேரு?"

பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணம், உங்கள் மரவெட்டு முகாமிலிருந்து திரும்பிய பாக்கித் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தான். "அண்ணி, அண்ணன் ஆட்டுத்தோல் கோட்டு ஒண்ணு வாங்கிருக்காரு பாருங்க, பத்து வருஷத்துக்கு அசையாது!" என்று சிரித்தான். ஓஷ் குளிருக்குப் பருத்தி அங்கியே போதும். புத்தாண்டுக்கு வந்துவிடுவேன் என்று போனவருக்குச் சைபீரியாவில் பத்து வருஷக் கோட்டு எதற்கு?

கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறார். பெரியதா, சின்னதா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கனிஷாய்


மரவெட்டு முகாம்,
அக்டோபர் 29

அன்புள்ள கனிஷாய்,

பெரியதையே வாங்கு. மூடியையும் போட்டுப் பார்த்து வாங்கு.

பாக்கித்துக்கு வாய் நிற்காது. கோட்டு வாங்கியது உண்மைதான். முடி அடர்ந்திருக்கும் குளிர்காலத்தில் அறுத்த ஆட்டின் தோல். கம்பளியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாலும் ஒரு முடி வரவில்லை. தோளில் இரட்டைத் தையல், நரம்பு நூல். இப்படி ஒன்று நம் ஊரில் கிடைக்காது. மற்றதை நேரில் சொல்கிறேன். இப்போது கேட்காதே.

பல்லைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்.

அக்கில்பெக்


ஓஷ்,
நவம்பர் 20

பெகிமாயின் அப்பாவுக்கு,

கோட்டுக்கு ஐந்து வரி, எனக்கு ஒரு வரி. கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை. சின்னக் கொப்பரையை வாங்கிவிட்டேன். இரண்டு பேருக்கு அது போதும்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பெண் எடுப்பவன் மாமனாருக்குக் கோட்டுப் போர்த்திவிட்டுத்தான் அழைத்துப் போக வேண்டும். நீங்கள் போர்த்தாமலே என்னைக் கூட்டிவந்தீர்கள். ஆறு வருஷமாக என் அப்பா உங்கள் பெயரை வாயில் எடுப்பதில்லை, பேத்தியின் முகத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் அங்கேயே தங்கிவிட்டால் எனக்குத் திரும்பிப் போக ஒரு வாசல் கூட இல்லை.

பல் தானாகவே விழுந்துவிட்டது.

கனிஷாய்


அத்-பாஷி, உன் அப்பா வீடு,
டிசம்பர் 19

என் கனிஷாய்,

மேலே இடத்தின் பெயரை மறுபடி படி. ஆமாம், இங்கேதான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினேன். கோட்டு எனக்கல்ல. பாக்கித் அதன் அளவைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும், என்னைப் போல ஒன்றரை ஆள் அதில் நுழையலாம். எனக்கு முகாமில் கொடுத்த பஞ்சுச் சட்டைதான், முழங்கையில் ஒட்டுடன்.

நேற்று உன் அப்பா கதவைத் திறந்தார். நான் கோட்டை அவர் தோளில் போர்த்தினேன். அவர் அதை உடனே கழற்றினார். என் உயிர் போய்விட்டது. ஆனால் எறியவில்லை. உள்பக்கம் திருப்பி, கம்பளியை இழுத்து, தையலைப் பல்லால் கடித்துப் பார்த்தார்.

"ஆறு வருஷம் கழிச்சு வர்றியாடா?"

"நல்ல கோட்டு கிடைக்க நாளாச்சு மாமா."

"வாயி மட்டும் தேயல. கை நீளம் யாரு சொன்னா?"

"நீங்க கதவுல குனிஞ்சுதான் நுழைவீங்கன்னு உங்க மக சொல்லுவா."

இரவு அடுப்போரம் உட்கார்ந்து அந்தக் கோட்டோடுதான் சாப்பிட்டார். வேர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை.

முதல் வருஷமே கிடைத்த ஏதாவது ஒன்றைப் போர்த்தியிருக்கலாம். ஆனால் அது இரண்டு குளிரில் கிழிந்தால் மருமகனும் அப்படித்தான் என்பார். உனக்கு முன்பே சொல்லாததற்கும் காரணம் உண்டு. அவர் திருப்பி எறிந்திருந்தால் அந்த அவமானம் என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். நீ இப்படிக் கலங்குவாய் என்று நினைக்கவில்லை.

மலைப்பாதையில் இப்போது சங்கிலி கட்டிய லாரிகள் மட்டும்தான் போகின்றன, ஒன்றில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பனி தள்ளியதும் வருகிறோம். வருகிறோம் என்றால் இரண்டு பேர். சின்னக் கொப்பரையை மாற்ற முடியுமா என்று கடைக்காரரைக் கேள். உன் அப்பா கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் இல்லை.

உன் அக்கில்பெக்


ஓஷ்,
டிசம்பர் 24

பெகிமாயின் அப்பாவுக்கு,

கடிதம் கொண்டுவந்த லாரிக்காரருக்குத் தேநீர் கொடுக்கக்கூட மறந்து வாசலிலேயே நின்று படித்தேன். "கெட்ட சேதியாம்மா?" என்று அவர் பயந்தே போனார். இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அப்பாவின் கழுத்தில் துணி சுற்றி அழைத்து வாருங்கள், அவருக்கு இருமல் உண்டு.

கடையில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. சின்னது வாங்கினேன் என்று கோபத்தில் எழுதினேன். வாங்கியது பெரியதைத்தான். இத்தனை நாளும் கட்டிய சாக்கோடு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது.

இன்று காலை வெளியே எடுத்து, ஆட்டின் வால்கொழுப்பு தடவி, புகை அடங்கும்வரை காய்ச்சினேன். உள்ளே கறுப்பாகப் பளபளக்கிறது. ஆறியதும் பெகிமாய் அதற்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். தாத்தாவுக்கும் இடம் இருக்கிறதாம்.

கனிஷாய்